பனி வராத ஊரில் பனி செய்த மண்: வீட்டுக் கொல்லையைத் தோண்டிப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகன் கனடாவில், வின்னிபெக்கில் வேலை பார்க்கிறான். தக்காளி வைக்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டியவன், மண்ணைப் படம் பிடித்து அனுப்பினான். மேலே கன்னங்கரேல் என்று ஒரு சாண், அதற்குக் கீழே வழவழவென்று சாம்பல் களி. "மாமா, நம்ம பந்திங் மண்ணு மாதிரியே இருக்கு பாருங்க. கால வச்சா சப்பாத்து கழண்டு வந்துடுது."

"இருக்காதா பின்னே? ரெண்டும் ஒரே பனி உருகிப் போட்ட மண்ணுதானே" என்றேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தான். மலேசியாவில், சிலாங்கூர் கடலோரத்துப் பந்திங்கில் எவன் பனியைப் பார்த்தான்? ஐஸ் கச்சாங்கைத் தவிர இந்த ஊரில் பனிக்கட்டிக்கு வேலையே கிடையாது.

ஆனால் நான் சொன்னது உண்மைதான். கோல லங்காட் வட்டாரத்தில் உங்கள் காலடியில் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கடலோரத் தட்டையில் இருந்தால், அது எங்கோ இருந்த பனி உருகி ஏறிய கடல் போட்டுவிட்டுப் போன மண். உள்ளே மேட்டுக்குப் போனால், பனி ஒருபோதும் வந்து சுரண்டாததால் கிழடுதட்டிப்போன மண். எது என்று தெரியாமல் உரம் வாங்கிக் கொட்டுவதும், கால்வாய் வெட்டுவதும், வாழை வைப்பதும் காசைக் கரைக்கிற வேலை. நான் அப்படிக் கரைத்தவன், அதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

எஸ்டேட் தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மண்வெட்டி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், புளிப்பை அளக்கும் பிஹெச் தாள், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

தோண்டுவதற்கு முன்: பனி மண்ணை என்ன செய்யும்?

பனியாறு என்பது நின்றுகிடக்கும் பனிக்கட்டி இல்லை. தன் எடையிலேயே மெதுவாக நகர்வது. வட அமெரிக்காவை மூடியிருந்த பனிப்பாளத்தின் நடுப்பகுதி 3 கிலோமீட்டர் கனம் இருந்தது. அந்தப் பாரம் ஊர்ந்து போகும்போது பழைய மண்ணை வழித்தெடுத்துவிடும், அடியில் உள்ள பாறையை அம்மிபோல அரைக்கும், உருகும்போது கல்லும் மணலும் மாவுமாகக் கலந்து கொட்டிவிட்டுப் போகும். உருகிய நீர் சில இடங்களில் பெரும் ஏரியாகத் தேங்கும். அந்த ஏரியின் அடியில் மாவுபோன்ற களி படியும். காய்ந்த ஆற்றுப்படுகைகளிலிருந்து காற்று வாரிக்கொண்டு போகிற நுண்தூள் இன்னோர் இடத்தில் போர்வையாக விழும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளில் பெரும்பகுதி அப்படி விழுந்த தூளின்மேல்தான் விளைகிறது.

வின்னிபெக் இருப்பது அகாசி ஏரி என்று பிற்காலத்தில் பெயர் சூட்டப்பட்ட ஒரு பனியுக ஏரியின் அடித்தட்டில். இப்போதுள்ள ஐந்து அமெரிக்கப் பேரேரிகளையும் சேர்த்தாலும் ஈடாகாத பரப்பை அது ஒரு காலத்தில் மூடியிருந்தது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வடிந்து கடலுக்குப் போய்விட்டது. அதனால் அங்குள்ள மண்ணுக்கு வயது 10,000 ஆண்டுக்குள்தான். மண்ணைப் பொறுத்தவரை இது பால்குடி வயது. அரைபட்ட பாறையில் இருந்த சுண்ணாம்பும் பொட்டாசியமும் மக்னீசியமும் இன்னும் கரைந்து போகவில்லை. குளிர் வேறு, இலைதழை மக்க நாளாகும், கறுப்பு சேர்ந்துகொண்டே போகும்.

பனி போன இடமெல்லாம் பொன் விளையும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே கனடாவில் வழித்தெடுத்த மண்ணைத் திருப்பிப் போடாமல் மொட்டைப் பாறையாக விட்டுப்போன நிலமும் லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் இருக்கிறது. சுரண்டப்பட்ட இடம் ஏழை, கொட்டப்பட்ட இடம் பணக்காரன்.

இனி நம் பக்கம். கடந்த பனியுகத்தில் தீபகற்ப மலேசியாவைப் பனி மூடவில்லை. நாடு முழுக்கப் பார்த்தால், சபாவின் கினபாலு மலை (4,095 மீட்டர்) மட்டும் விதிவிலக்கு. அதன் உச்சியில் சிறு பனித்தொப்பி இருந்தது, ஏறிப் போகிறவர்கள் பனி தேய்த்த வழவழப்பையும் கீறல்களையும் கருங்கல்லில் இன்றும் பார்க்கலாம். லங்காவியில் வேறு கதை. அங்கே சிங்கா பாறை அடுக்கில், சேற்றுப்பாறைக்கு நடுவே சம்பந்தமில்லாத கற்கள் பதிந்து கிடக்கின்றன. மிதந்து வந்த பனிக்கட்டியிலிருந்து கடலடிச் சேற்றில் விழுந்தவை என்பது விளக்கம். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் மேற்குப் பகுதி தென்துருவத்தை ஒட்டிய கோண்டுவானா கண்டத்தோடு ஒட்டியிருந்த காலம் அது. நம் கொல்லை மண்ணுக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதால் சொன்னேன்.

பனி நமக்குச் செய்தது தூரத்திலிருந்து செய்த வேலை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகத்துக் கடல்நீரில் ஒரு பெரும் பங்கு பனியாக நிலத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. கிள்ளானுக்கு எதிரே மலாக்கா நீரிணை பல இடங்களில் 50 மீட்டர் ஆழம்கூட இல்லை. அதாவது அன்றைக்குப் பந்திங்கிலிருந்து சுமாத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். சுமாத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் நம்மோடு ஒட்டிய ஒரே நிலம். கடல் அவ்வளவு கீழே போனதால் ஆறுகள் பள்ளம் பறித்து ஓடின, கூழாங்கல்லும் பருமணலும் போட்டன. அந்தப் பழைய படிவத்துக்குப் புவியியலாளர்கள் சிம்பாங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லங்காட் படுகையில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுப்பது களிக்கு அடியில் உள்ள இந்தச் சரளை அடுக்கிலிருந்துதான்.

அப்புறம் பனி உருகியது. கடல் ஏறியது, ஏறி இன்றைய மட்டத்தையும் தாண்டியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் கடல் இப்போதைவிடச் சில மீட்டர் உயரத்தில் நின்றது. இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிற சமவெளி முழுக்க அன்று கடலும் அலையாத்திக் காடும். ஜுக்ரா மலை ஒரு தீவு. பிறகு கடல் மெல்லப் பின்வாங்க, சேறு மேல் சேறாகப் படிந்து கரை மேற்கே நகர்ந்தது. இந்த இளைய கடற்படிவத்தின் பெயர் குலா. வின்னிபெக்கில் ஏரி வடிந்து களியை விட்டுப்போனது, இங்கே கடல் வடிந்து களியை விட்டுப்போனது. இரண்டு ஊரும் தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

படி 1: பெயர்ப்பலகையைப் படியுங்கள்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஊர்ப்பெயரைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். புக்கிட் என்றால் குன்று, பழைய மண் என்று பாதி முடிவுகட்டலாம். பாயா என்றால் சதுப்பு. தஞ்சோங் கடலுக்குள் நீண்ட முனை, தெலுக் விரிகுடா அல்லது ஆற்று வளைவு. இந்தப் பெயருள்ள ஊர் இன்று கடலிலிருந்து தள்ளி இருந்தால், கரை நகர்ந்ததா, ஆறு நகர்ந்ததா என்று யோசிக்க வேண்டும். பெர்மாத்தாங் என்பது எனக்குப் பிடித்த பெயர். சேற்று நிலத்துக்கு நடுவே நீளமாக ஓடும் மணல்மேடு அது, பெரும்பாலும் பழைய கடற்கரையின் கோடு. பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் ஓர் உதாரணம். அந்த மேட்டில்தான் பழைய கம்பத்து வீடுகளும் தென்னைகளும் இருக்கும். இருபுறமும் பள்ளத்தில் நெல்லோ செம்பனையோ இருக்கும். மழைக்காலத்தில் எங்கே கால் நனையாது என்று பார்த்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

படி 2: அது உங்கள் மண்தானா என்று பாருங்கள்

இதை விட்டுவிட்டு நேரே தோண்டுகிறவர்கள்தான் அதிகம். கடலோரத் தட்டையில் தாமான் கட்டும்போது குத்தகைக்காரர் எங்கோ ஒரு மேட்டை வெட்டி லோரி லோரியாகச் செம்மண் கொண்டுவந்து நிரப்புவார். மேலே உள்ள ஒன்றரை மீட்டர் உங்கள் ஊர் மண்ணே அல்ல. எங்கள் வீட்டில் முதல் நாள் தோண்டியபோது சிவப்பு மண், அதில் தார்த் துண்டு, செங்கல், ஒரு பால்டின். இதை வைத்துக்கொண்டு பனியுகத்தைப் பற்றிப் பேச முடியாது.

நிரப்பிய நிலமா என்று கண்டுபிடிக்கத் தோண்டக்கூட வேண்டாம். வீட்டு முன்பக்கம் கார் நிறுத்தும் போர்ச்சைப் பாருங்கள். வீடு ஆழமாக இறக்கிய பைலிங் தூண்களில் நிற்கிறது. போர்ச் வெறும் நிரப்பு மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் உள்ள கடற்களி மெல்ல அமுங்க, போர்ச் இறங்கும், வீடு இறங்காது. இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழைகிற வெடிப்பு. எங்கள் வரிசையில் பதினோரு வீடு, பதினொன்றிலும் அந்த வெடிப்பு. இந்தக் களி நம் வட்டாரத்தில் பல இடங்களில் 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டும். வடிந்துபோன கடலின் கணக்கு இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்பு மண்தான் என்றால், தாமானுக்கு வெளியே, தோட்ட ஓரத்துக் கால்வாய்க் கரையில் போய்ப் பாருங்கள். யாருடைய நிலமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 3: குழி

இரண்டு அடி அகலம், இடுப்பளவு ஆழம். அதற்குமேல் வேண்டாம். ஈரக்களிக் குழி சொல்லாமல் சரியும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி போகிற பக்கம் தோண்டக் கூடாது. பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் அன்றைக்கே மூடிவிடுங்கள்.

ஒரு பக்கச் சுவரை மண்வெட்டியால் நேராகச் சீவி, வெயில் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். எடுத்த மண்ணை ஆழவாரியாகத் தனித்தனிக் குவியலாக வையுங்கள், மூடும்போது தேவைப்படும். இனி நீங்கள் பார்க்கப்போவது நான்கு முகத்தில் ஒன்று.

முதல் முகம், மேலே பழுப்பு, கீழே போகப்போகச் சாம்பல், அதில் துருப்பிடித்த ஆணி மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். கடற்களி. சாம்பல் என்றால் அங்கே காற்று போகவில்லை, ஆரஞ்சு என்றால் வேர் போன வழியில் காற்று போயிருக்கிறது. இன்னும் ஆழத்தில் நீலச்சாம்பல் வரும், சிப்பி ஓடு கிடைத்தாலும் கிடைக்கும். அப்பா வேலை செய்த தோட்டத்தில் கோயிலுக்குக் கிணறு வெட்டியபோது கூடை கூடையாகச் சிப்பி வந்தது. சம்பந்தமே இல்லாமல் ஏன் இங்கே சிப்பி என்று கேட்டதற்கு, "கடல் இருந்த இடம்டா, கடல்மாதா வீடு" என்றார் அப்பா. அவர் அலைமதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர். கடல் வற்றும்போது கதவைத் திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் அவருக்குத் தூக்கம் கிடையாது. சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கிய நாள்காட்டியை அம்மா விரதத்துக்குப் பார்ப்பார், அப்பா அலைக்குப் பார்ப்பார்.

இரண்டாவது, அதே சாம்பல் களிதான், ஆனால் நடுவே வைக்கோல் நிறத்தில், வெளிறிய மஞ்சள் திட்டுகள். இதைக் கண்டால் அப்படியே நில்லுங்கள், நேரே ஆறாவது படிக்குப் போங்கள்.

மூன்றாவது, கறுப்போ கரும்பழுப்போ, கையில் எடுத்தால் எடையே இல்லை, உள்ளே மரத்துண்டும் நாரும். இதுதான் காம்புட், ஆங்கிலத்தில் பீட். கடல் பின்வாங்கிய பிறகு அலையாத்திக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய காட்டில், விழுந்த இலையும் மரமும் மக்க முடியாமல் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராக ஏறியது. தோண்டிக்கொண்டே போனால் அடியில் மீண்டும் அந்தக் கடற்களி வரும். கோல லங்காட்டின் காட்டு ஒதுக்கங்களில் இன்னும் பார்க்கலாம்.

நான்காவது சிவப்பு அல்லது மஞ்சள், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே மாதிரி, அடுக்குப் பிரிவது கண்ணுக்குத் தெரியாது. டிங்கில், சிப்பாங் பக்கம் மேட்டில் இருப்பது. பனி வந்து வழித்தெடுக்காததால், பாறை இருந்த இடத்திலேயே உளுத்து மண்ணாகி, கருங்கல் மேட்டில் பல இடங்களில் 30 மீட்டர் ஆழம்வரை போய்விட்டது. ஆண்டுக்கு 2,000 மி.மீட்டருக்கும் மேல் பெய்கிற மழை, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அதிலிருந்த சுண்ணாம்பையும் பொட்டாசியத்தையும் கழுவிக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது இரும்பு, அலுமினியம், வெள்ளைக்களி. சிவப்பு அந்த இரும்பின் துரு. சில இடங்களில் அந்த இரும்பே கட்டிதட்டிச் செம்பாறைக் கல்லாகியிருக்கும், தோட்டத்து ரோட்டில் கொட்டுவார்களே, அதுதான்.

படி 4: பிசைந்து பாருங்கள்

கடற்களியை ஈரத்தோடு உருட்டி, கட்டைவிரலால் நாடாபோலத் தள்ளுங்கள். ஒரு விரல் நீளத்துக்கு அறுந்துபோகாமல் வரும், முறுக்கு பிழியலாம்போல இருக்கும். ஆழத்திலிருந்து எடுத்த நீலச்சாம்பலை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் எல்லாம் வழிந்து, கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது இன்னும் பழுக்காத சேறு. அதன்மேல் எதையும் கட்ட வேண்டாம்.

செம்மண்ணில்தான் ஏமாற்று. முதலில் தொட்டால் மணல்போலப் பொலபொலக்கும். அதைப் பார்த்து மணல்மண் என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும், நானே ஒருவன். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசையுங்கள். மெல்ல மெல்லப் பிசுபிசுத்துக் களியாகும். இரும்புத் துரு நுண்ணிய களியை உருண்டை உருண்டையாக ஒட்டிவைத்திருக்கிறது. அதனால்தான் பாதிக்குமேல் களியாக இருந்தும் அந்த மேட்டு நிலத்தில் அடைமழைக்குப் பிறகும் தண்ணீர் நிற்பதில்லை. ரப்பர் அங்கே நன்றாக வந்ததற்கு இந்த வடிகால் ஒரு காரணம். பால்மரத்துக்கு ஈரக்கால் ஆகாது.

காம்புட்டைப் பிழிந்தால் தேத்தண்ணி நிறத்தில் சாறு வரும். தெளிவான சாறென்றால் அதிகம் மக்கவில்லை, கூழாகவே விரல்வழி வந்தால் நன்றாக மக்கியது.

படி 5: போத்தல்

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் கழுவும் சோப்பு. ஐந்து நிமிடம் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் இறங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிவது களி. அளவுகோல் வைத்துப் பங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு இன்னும் கழுவப்படாத கரையோர மண் என்றால் களி சட்டென்று திரண்டு இறங்கிவிடும். கலங்கல் சீக்கிரம் தெளிந்துவிட்டதே, களி இல்லைபோல என்று நினைத்துவிடக் கூடாது.

அக்கா மகனையும் இதைச் செய்யச் சொன்னேன். பந்திங் போத்தலையும் வின்னிபெக் போத்தலையும் வீடியோ அழைப்பில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டிலும் மணல் ஒரு கோடுதான். வித்தியாசம் அடுத்த படியில் வந்தது.

படி 6: புளிப்பு, இங்கேதான் நான் காசைக் கரைத்தேன்

மீன்தொட்டிக் கடையில் விற்கும் பிஹெச் சோதனைத் திரவம் உதவாது, அது 6க்குக் கீழே பெரும்பாலும் காட்டாது. நம் மண்ணெல்லாம் அதற்குக் கீழேதான். 1 முதல் 14 வரை காட்டும் தாள் வாங்குங்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். குழாய்த் தண்ணீரும் மினரல் வாட்டரும் கணக்கைக் கெடுக்கும், காருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் நல்லது (பேட்டரி அமிலம் இல்லை, போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்). ஒரு பங்கு மண், இரண்டு பங்கு தண்ணீர், கலக்கி அரைமணி விட்டு, மேலே தெளிந்ததில் தாளை நனையுங்கள்.

மேட்டுச் செம்மண் 4க்கும் 5க்கும் நடுவே காட்டும். காம்புட் 3க்கும் 4க்கும் நடுவே. நல்ல கடற்களி 5ஐ ஒட்டி நிற்கும். வின்னிபெக் களி 7ஐத் தாண்டியது, பனி அரைத்த சுண்ணாம்புப் பாறை அதில் இருக்கிறது. உருவத்தில் அண்ணன் தம்பி, குணத்தில் வேறு.

இனி அந்த வைக்கோல் மஞ்சள். அலையாத்திச் சேற்றில் கடல்நீரின் சல்பேட்டும், மண்ணின் இரும்பும், மக்கும் இலையும் சேர்ந்த இடத்தில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பைரைட் என்ற இரும்பு சல்பைடை உண்டாக்கி வைத்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். தண்ணீரை வடித்துக் காற்றைக் காட்டினால் கந்தக அமிலமாகும். மண்ணின் பிஹெச் 3.5க்குக் கீழே போகும், அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். மஞ்சள் திட்டு அந்த அமிலம் பிறந்ததற்கான அடையாளம், ஜரோசைட் என்று பெயர்.

எனக்கு இது தெரியாத காலத்தில், தோட்டத்து எல்லையில் வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் வாழை வைத்தேன். நிலம் ஈரமாக இருக்கிறதே என்று ஆளைவிட்டு இடுப்பளவு ஆழத்துக்குக் கால்வாய் வெட்டினேன். ஆழமாக வெட்டினால் நன்றாக வடியும் என்று வெட்டியவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். வடிந்தது. நான்கு மாதத்தில் கால்வாய்த் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது, நான் பெருமைப்பட்டேன். அதில் ஒரு தவளை இல்லை, ஒரு கொசுப்புழு இல்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை. கரையில் துருக்கூழ் படிந்தது. வெட்டிப்போட்ட சேற்றின்மேல் மஞ்சள் பூத்தது. 60 கன்றில் ஒன்பது மிஞ்சியது. இலை ஓரம் கருகி, வேரைப் பிடுங்கினால் நுனியெல்லாம் மொட்டையாக இருந்தது. பழைய தோட்டத்துக் கண்டக்டர் (மேற்பார்வையாளர்) ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, சும்மா தூங்கிட்டிருந்ததை எழுப்பி விட்டீங்க" என்றார். அப்பா மதகை முழுக்கத் திறக்காமல் பாதியில் நிறுத்துவது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மஞ்சள் இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய மண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஆழத்துச் சேற்றை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்புங்கள். அன்றைக்கே பிஹெச் பாருங்கள். பிறகு நிழலில் வைத்து, காயாமலும் நனைந்து ஊறாமலும், ஈரத்துணிபோல எட்டு வாரம் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். 5, 6 என்று தொடங்கியது 4க்குக் கீழே இறங்கினால், அங்கே கால்வாய் வெட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முன்கூட்டியே சந்தேகப்படலாம், நாற்றம் இல்லை என்பதற்காக நம்பிவிட முடியாது.

படி 7: கண்டுபிடித்தாயிற்று, என்ன செய்வது?

நல்ல கடற்களிக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். சிலாங்கூர் மண்தொடர் என்று நம் மாநிலத்தின் பெயரையே கொண்ட மண் இது, நாட்டின் வளமான மண்களில் ஒன்று. மேட்டுப்பாத்தி போட்டு, மழைநீர் நிற்காமல் பார்த்தால் வாழை, தென்னை, முருங்கை எல்லாம் வரும். ஈரத்தில் மட்டும் மிதிக்காதீர்கள்.

அமிலக் களி என்றால் மண்ணைவிடத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். மஞ்சளோ பைரைட்டோ தொடங்கும் ஆழத்துக்கு மேலேயே நீர்மட்டம் நிற்கும்படி கால்வாயில் மணல்மூட்டை அடுக்கித் தடுங்கள். சுண்ணாம்பால் மட்டும் இதை வெல்வது கையைக் கடிக்கிற செலவு. மேலே ஓர் அடிக்கு மேட்டுப்பாத்தி கட்டி, அதற்கு மட்டும் சுண்ணாம்பு போடுங்கள்.

காம்புட்டிலும் அதே விதி, நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே சுமார் 50 செ.மீட்டரில் வைத்திருக்க வேண்டும். வடித்தால் நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும், செம்பனை சாய்ந்து படுத்து மறுபடி தலைதூக்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்த காம்புட் பிறகு தண்ணீரைக் குடிக்காது, காப்பித்தூள் மாதிரி மிதக்கும். தீ வைக்கவே கூடாது. மேலே அணைத்ததாக நினைப்பீர்கள், அடியில் வாரக்கணக்கில் புகையும். செம்பும் துத்தநாகமும் அதில் குறைவு, காய்கறி போட்டால் நுண்ணூட்ட உரம் கட்டாயம் வேண்டும்.

செம்மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உண்ணக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொட்டிய உரத்தை அதனால் பிடித்துவைக்க முடியாது, மழை கொண்டுபோய்விடும். பாஸ்பரஸ் மட்டும் நேர் எதிர், இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்குத் தராது. தோட்டங்கள் பல பத்தாண்டுகளாகக் கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் பாறைத்தூளைப் போட்டு வந்தன. மண்ணின் புளிப்பே அந்தத் தூளை மெல்லக் கரைத்துக் கொடுக்கும். யோசித்துப் பார்த்தால், வடக்கே பனி இலவசமாக அரைத்துக் கொடுத்ததை இங்கே மூட்டையில் வாங்குகிறோம். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் போதும், ஹெக்டருக்கு 2 டன் என்ற கணக்கு. செம்பனை ஆலையில் கிடைக்கும் வெறுங்குலைச் சக்கையைப் பரப்பினால் மண் மூடியும் இருக்கும், பொட்டாசியமும் சேரும்.

குழியை மூடுதல்

இதில் அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து எடுத்த நீலச்சாம்பல் முதலில் உள்ளே போக வேண்டும், மேல்மண் கடைசியில். மாற்றிப்போட்டு, பைரைட் சேற்றை மேலே பரப்பிவிட்டால் அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. சோதனைக்கு வைத்த எட்டு வாரத் தட்டையையும் கொல்லையில் வீசாமல், சுண்ணாம்பு கலந்து அந்தக் குழியின் அடியிலேயே புதையுங்கள். நிரம்பிய பிறகு குழி ஒரு சாண் உயரமாக இருக்கட்டும், இரண்டு மழையில் இறங்கிவிடும்.